அரிசி மில்லில் தெர்மல் கேமரா: பேனல் முதல் பேரிங் வரை, வரிசை தவறாமல்

மன்னார்குடிப் பக்கம் ஒரு மில். வேலை கற்க வந்த தம்பி, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா கைக்கு வந்த பத்தாவது நிமிடத்தில், மின் பேனலுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் செம்புப் பட்டையான பஸ்பார் ஒன்றைக் காட்டி, "அண்ணே, 36 டிகிரிதான். ஒண்ணும் இல்லை" என்றார். அந்தப் பஸ்பாரில் ஏறும் கேபிளின் உறை கருகிப் பழுப்பாகிக் கிடந்தது. கேமரா கெட்டுப்போகவில்லை. கேமராவை நீட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய நான்கைந்து வேலைகளை அவர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலைகளை எந்த வரிசையில் செய்வது, ஏன் அந்த வரிசை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் அரிசி மில் என்றாலும் ஐஸ் பேக்டரி, இறால் பண்ணை, சர்க்கரை ஆலை எதற்கும் முறை இதுவே.

1. புறப்படும் முன் பையில் இருக்க வேண்டியவை

கேமரா. பேனலுக்கு 320×240 புள்ளிகள் உள்ளது வேண்டும். 160×120 கேமராவை வைத்து மோட்டார், பேரிங் பார்க்கலாம். பேனலில் அது எங்கே ஏமாற்றும் என்பதை 6ஆம் படியில் சொல்கிறேன்.

கிளாம்ப் மீட்டர், அதாவது கேபிளைக் கவ்வி ஆம்பியரைப் படிக்கும் கருவி. இது இல்லாமல் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான். எத்தனை ஆம்பியர் ஓடும்போது எடுத்த சூடு என்று தெரியாத படத்தை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

கருப்பு வினைல் இன்சுலேஷன் டேப், சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டு, டார்ச், நோட்டுப் புத்தகம். அலுமினியத் தாளைப் பார்த்து மில்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கூட ஒரு ஆள். மில்லின் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் பேனலைத் திறக்க வேண்டும். படம் எடுப்பவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கை எங்கே போகிறது என்று பார்க்க இன்னொருவர் வேண்டும்.

2. நாள் குறிப்பது

"மில் நிற்கிற அமாவாசை அன்னிக்கு வாங்க சார், நிம்மதியா பார்க்கலாம்" என்று முதலாளி சொல்வார். மறுத்துவிடுங்கள். மின்சாரம் ஓடினால்தான் லூஸ் கான்டாக்ட் சூடாகும். நின்ற மில்லில் எல்லாம் ஒரே நிறம்தான்.

மெஷின் அதன் முழு லோடில் குறைந்தது 40 சதவீதத்திலாவது ஓட வேண்டும். காரணம், இணைப்பில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பாதி லோடில் ஒரு லக் (கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) பக்கத்து லக்கைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால், முழு லோடில் அந்த வித்தியாசம் 40 டிகிரியை நெருங்கலாம். நடைமுறையில் காற்றோட்டத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் நல்லபடியாகக் குறையும் என்று நம்பி இருக்கக் கூடாது.

நம் பக்கத்துக்கு ஐப்பசிதான் சரியான மாதம். குறுவை நெல் ஈரத்தோடு வந்து இறங்கும், டிரையர் இரவு பகலாக ஓடும், லோடு தானாகவே கிடைக்கும். அப்போது கண்ட குறைகளைச் சரிசெய்ய, தை மாதம் சம்பா வருவதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. தையில் போய்ப் படம் எடுத்தால் குறை தெரியும். மில்லை நிறுத்த முதலாளிக்கு மனசு வராது.

அன்றைக்கும் மில் ஓட ஆரம்பித்த உடனே போகாதீர்கள். பேனல் இணைப்புகளுக்கு ஒரு மணி நேரம் போதும். அரிசி தீட்டும் பாலிஷர், நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர் போன்ற கனமான மோட்டார்களின் உடம்பு முழுச் சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

3. கேமராவை மில்லின் காற்றுக்குப் பழக்குவது

ஏசி காரிலிருந்து இறங்கி நேராக நெல் வேகவைக்கும் அவியல் பகுதிக்குள் போனால் லென்ஸில் பனி பூத்துவிடும். டெல்டாவின் ஈரக்காற்றுக்கு இது நிச்சயம். வெளியிலிருந்து லேசாகத்தான் தெரியும், ஆனால் எண்களைக் கெடுத்துவிடும். கேமராவை ஆன் செய்து 15 நிமிடம் அங்கேயே வைத்திருங்கள். அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கேமரா தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. அந்த நொடியில் படம் எடுக்க வேண்டாம்.

அந்த 15 நிமிடத்தில் சும்மா நிற்காமல் மில்லைச் சுற்றி நடந்து பட்டியல் போடுங்கள்: எந்தப் பேனல், எந்த மோட்டார், எது ஓடுகிறது, எது நிற்கிறது. பெல்ட் ஓடும் இடத்தில் தோளில் துண்டு வேண்டாம், வேட்டியும் வேண்டாம்.

4. பேனலைத் திறப்பது

415 வோல்ட் ஓடும்போதே கதவைத் திறக்கப் போகிறோம். உள்ளே எலி விட்டுப்போன கம்பித் துண்டோ, கழன்ற நட்டோ கதவின் அசைவில் விழுந்தால் நெருப்புப் பந்தாக வெடிக்கும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், முகம் வெந்துவிடும். அதனால் திறப்பவருக்கு முகம் முழுவதையும் மூடும் கவசமும் மின்தடைக் கையுறையும் வேண்டும். இருவருக்கும் முழுக்கைப் பருத்திச் சட்டை வேண்டும். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மோதிரம், செயின், வாட்ச் எல்லாம் கழற்றி வெளியே. திறக்கும்போது கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, பஸ்பாருக்கு முன்னால் போட்டிருக்கும் அக்ரிலிக் தகட்டின் வழியாகப் படம் எடுப்பது. கண்ணுக்கு அது கண்ணாடி மாதிரி, ஊடுருவித் தெரியும். தெர்மல் கேமராவுக்கு அது செங்கல் சுவர். கண்ணாடியும் அப்படித்தான். கேமரா காட்டுவது தகட்டின் சூட்டை மட்டுமே.

அதற்காக மின்சாரம் ஓடும்போது தகட்டைக் கழற்றாதீர்கள். முந்தைய நாள் ஷட்டவுனில் எலக்ட்ரீஷியன் கழற்றி வைத்து, பேனலைப் பூட்டி, யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் படம் முடிந்ததும் அடுத்த ஷட்டவுனில் திரும்ப மாட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் சோதிக்கப்போகிற பேனல் என்றால், அகச்சிவப்பு ஊடுருவும் ஜன்னல் ஒன்றைக் கதவிலேயே பொருத்திவிடச் சொல்லுங்கள். செலவுதான், ஆனால் கதவே திறக்க வேண்டாம்.

கதவு திறந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் முதல் சுற்றுப் படங்களை எடுத்துவிடுங்கள். உள்ளே அடைபட்டிருந்த சூடு வெளியேற ஆரம்பித்துவிடும். பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன் ஓடினால் முன்பே அணைத்துவிடுங்கள்.

5. எமிசிவிட்டி: பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்

கேமரா சூட்டை அளப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதிலிருந்து சூட்டைக் கணக்குப் போடுகிறது. ஒரு பரப்பு எவ்வளவு தாராளமாகக் கதிரை வெளியே விடுகிறது என்பதற்கான எண்தான் எமிசிவிட்டி. பெயின்ட், ரப்பர், கேபிள் உறை, கருப்பு டேப் எல்லாம் 0.90 முதல் 0.95 வரை. பளபளக்கும் செம்பும் அலுமினியமும் 0.1க்கும் கீழே. பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே காட்டாது. எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும், கண்ணாடி மாதிரி.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் புரியும். பஸ்பார் உண்மையில் 90 டிகிரி. அறை 32 டிகிரி. பரப்பின் எமிசிவிட்டி 0.1. கேமராவில் 0.95 என்று விட்டிருந்தால் திரையில் சுமார் 40 டிகிரிதான் வரும். தொடக்கத்தில் சொன்ன தம்பிக்கு நடந்தது இதுவே.

அப்படியானால் கேமராவில் 0.1 என்று மாற்றிவிட்டால் போதாதா? போதாது. அவ்வளவு குறைந்த எமிசிவிட்டியில் சின்னப் பிரதிபலிப்பும் பெரிய பிழையாகிவிடும். பளபள உலோகத்தை நேராக அளக்காமல் இருப்பதே சரி. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஷட்டவுனில், மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, லக்கின் மேல் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவைப்பது. காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும், துண்டு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லா ஃபேஸிலும் ஒரே இடத்தில் ஒட்டுங்கள். மிகவும் சூடாகும் இடத்தில் டேப் இளகிவிடும். அங்கே சூடு தாங்கும் பளபளப்பில்லாத பெயின்டால் ஒரு பொட்டு வைக்கலாம். மின்சாரம் ஓடும்போது டேப் ஒட்டப் போகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துங்கள்.

இரண்டு, லக்கை விட்டு, அதை ஒட்டிய கேபிள் உறையின் முதல் அங்குலத்தை அளப்பது. உண்மைச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஆனால் பொய் சொல்லாது.

மூன்று, போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு, மூலை, துளை ஆகியவற்றைப் பார்ப்பது. இடுக்குக்குள் கதிர் பலமுறை பட்டுத் தெறித்து வெளியே வருவதால் உண்மைக்கு நெருங்கிய எண் கிடைக்கும்.

பிரதிபலிப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். சூட்டுப் புள்ளியும் உங்களோடு நகர்ந்தால் அது பிரதிபலிப்பு, பெரும்பாலும் உங்கள் உடம்புதான். நானே ஒருமுறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி ஒன்றில் 'ஹாட் ஸ்பாட்' கண்டுபிடித்து ரிப்போர்ட் வரை எழுதிவிட்டேன். அது என் முகம்.

இப்போது அலுமினியத் தாளுக்கு வருவோம். கசக்கி, மறுபடி விரித்து, பளபளப் பக்கம் வெளியே தெரிய அளக்கப்போகும் பொருளுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், பேனலுக்கு வெளியே. கேமராவில் எமிசிவிட்டி 1.0, தூரம் 0 என்று வைத்து அந்தத் தாளின் சராசரிச் சூட்டைப் படித்தால், அதுதான் சுற்றுப்புறப் பிரதிபலிப்பு வெப்பநிலை. அதைக் கேமராவில் போட்டுவிட்டு எமிசிவிட்டியைத் திரும்ப 0.95க்குக் கொண்டுவாருங்கள். திரும்பக் கொண்டுவர மறப்பது அடுத்த பிரபலமான தவறு.

6. தூரமும் ஃபோகஸும்

320 புள்ளி அகலமும் 45 டிகிரிப் பார்வையும் உள்ள கேமரா, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு புள்ளிக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டரைப் பார்க்கிறது. ஒரு புள்ளியை நம்பி அளக்க முடியாது. குறைந்தது மூன்றுக்கு மூன்று வேண்டும். அதாவது 7.5 மில்லிமீட்டருக்குச் சின்னதான எதையும் அங்கிருந்து அளக்க முடியாது.

160 புள்ளியும் 54 டிகிரியும் உள்ள கேமராவில் இதே கணக்கு 18 மில்லிமீட்டருக்குப் போய்விடும். கான்டாக்டரின் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) முனைத் திருகு அதைவிடச் சின்னது. திருகின் சூடும் பின்னாலிருக்கும் குளிர்ந்த தகட்டின் சூடும் கலந்து ஒரு சராசரிதான் வரும். படத்தில் மஞ்சளாகத் தெரியும், எண் மட்டும் குறைவாக இருக்கும். கிட்டே போய் அளக்கலாமே என்று பேனலுக்குள் கையை நீட்டாதீர்கள். அந்த எண்ணை நம்பாமல் விடுவதே மேல்.

ஃபோகஸ் சரியில்லாத படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாது. எத்தனை டிகிரி வரை அளப்பது என்று கேமராவில் வைக்கும் அளவு வரம்பும் அப்படியே. எமிசிவிட்டியையும் நிறத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அந்த இடத்தில் நேரம் செலவழிக்க வேண்டியது ஃபோகஸுக்கு.

7. நிறத்தைப் பூட்டுவது

ஆட்டோவில் விட்டால் கேமரா திரையில் இருப்பதில் மிகச் சூடானதை வெள்ளையாக்கும், மிகக் குளிர்ந்ததைக் கருப்பாக்கும். எல்லாம் 33 முதல் 35 டிகிரிக்குள் இருந்தாலும் படம் தீப்பிடித்த மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மில்லை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு.

ஒரு பேனலுக்கு 30 முதல் 80 டிகிரி என்பது போல ஒரு நிற வரம்பை நீங்களே பூட்டிவிட்டு, எல்லாப் படத்தையும் அதிலேயே எடுங்கள். அப்போதுதான் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

8. பேனலைப் படிப்பது

வரும் மெயின் கேபிளிலிருந்து தொடங்கி, மெயின் பிரேக்கர், பஸ்பார், பிரிந்து போகும் கிளையான ஒவ்வொரு ஃபீடர், கான்டாக்டர், ரிலே, வெளியே போகும் கேபிள் என்று மின்சாரம் போகும் வழியிலேயே போங்கள். குறுக்கே தாவினால் ஒன்று விட்டுப்போகும். ஒவ்வொரு ஃபீடரிலும் மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரில் படிக்க, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். எண்ணைவிட இதுதான் அதிகம் சொல்லும்.

ஒரு புள்ளியில் உச்சமாக இருந்து கேபிள் நெடுக விலக விலகச் சூடு குறைந்தால் அந்த இணைப்பில்தான் கோளாறு: தளர்ந்த போல்ட், சரியாக நசுக்கப்படாத லக், அல்லது செம்பு முனையில் நேராக மாட்டிய அலுமினிய லக். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இந்தக் கடைசி வகை சீக்கிரமே அரிக்கும்.

கேபிள் முழுக்க ஒரே மாதிரி சூடு என்றால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. லோடு அதிகம், அல்லது கேபிள் சின்னது. மூன்றில் ஒன்று மட்டும் அப்படி என்றால் ஆம்பியரைப் பாருங்கள், லோடு சமமில்லாமல் இருக்கும். ஒரு ஃபேஸ் மட்டும் குளிர்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஃபியூஸ் போய் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். கெபாசிட்டர் பேனலிலும் இப்படியே: குளிர்ந்த கெபாசிட்டர் பெரும்பாலும் செத்த கெபாசிட்டர்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் கவலை? நேட்டா என்ற சர்வதேச மின் சோதனைச் சங்கத்தின் அட்டவணையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். ஒரே மாதிரி லோடு ஓடும் ஒரே மாதிரி இரண்டு பாகங்களுக்கிடையே 1 முதல் 3 டிகிரி என்றால் குறை இருக்கலாம், கவனிக்க வேண்டும். 4 முதல் 15 டிகிரி என்றால் பெரும்பாலும் குறை இருக்கிறது, சரிசெய்ய வேண்டும். 15க்கு மேல் போனால் உடனே. ஆம்பியர் சமமாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். சிவப்பு ஃபேஸில் 60 ஆம்பியர், நீலத்தில் 35 ஆம்பியர் ஓடினால் சூட்டு வித்தியாசம் இயல்புதான்.

9. மோட்டார், பேரிங், பெல்ட்

அரிசி மில்லுக்கே உரிய ஒரு தொல்லை, தவிட்டுத் தூசு. மோட்டாரின் மேல் அரை அங்குலம் படிந்திருந்தால் அது போர்வை. உள்ளே வேகும், வெளியே கேமராவுக்குச் சாதுவாகத் தெரியும். முதல் நாளே தூசைத் தட்டச் சொல்லிவிட்டு, மறுநாள் லோடில் பாருங்கள். தட்டிய பிறகும் உடம்பு முழுக்கச் சூடு என்றால், பின்பக்க ஃபேன் மூடியில் உமி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். கனெக்‌ஷன் பெட்டியின் மூடி மட்டும் மோட்டாரின் உடம்பைவிடச் சூடாக இருந்தால் உள்ளே லூஸ்.

பேரிங்கை இன்னொரு பேரிங்கோடு ஒப்பிடுங்கள். புல்லி பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு, பெல்ட் இழுக்கிறது. 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு.

நேற்று கிரீஸ் அடித்த பேரிங்கை இன்று பார்த்து 'கெட்டுப்போச்சு' என்று எழுதாதீர்கள். புதுக் கிரீஸ் பரவி அமரும்வரை சூடு ஏறி, பிறகு தானாக இறங்கும். "கேமராக்காரர் வராரு" என்று கேள்விப்பட்டதும் எல்லாப் பேரிங்கிலும் கிரீஸை அடைத்து வைத்துவிடும் மில்கள் உண்டு. எப்போது கிரீஸ் அடித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

வி-பெல்ட்டில் ஒரு ஓரம் மட்டும் சூடு என்றால் புல்லிகள் நேராக இல்லை. நான்கு பெல்ட்டில் ஒன்று மட்டும் சூடு என்றால் பழைய செட்டில் ஒரு புதுப் பெல்ட்டைச் சேர்த்திருப்பார்கள். எல்லாமே சூடு என்றால் வழுக்குகிறது. பெல்ட்டைத்தான் அளக்க வேண்டும்; தேய்ந்து பளபளக்கும் புல்லிக் காடியை அல்ல, காரணம் 5ஆம் படியில் இருக்கிறது.

எலிவேட்டரின் தகரக் கூட்டில் நீளவாக்கில் ஒரு சூட்டுக் கோடு தெரிந்தால் உள்ளே பெல்ட் உரசுகிறது. உமித்தூசு நிறைந்த இடம். இதை அன்றே சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட் வரும்வரை வைத்திருக்க வேண்டாம்.

10. அவியல் பகுதியும் வெளியே டிரான்ஸ்பார்மரும்

நீராவிக் குழாயில் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப்பில் முன்பக்கம் சூடு, பின்பக்கம் அதைவிடக் குறைவு என்றால் சரி. இரண்டும் ஒரே சூடு என்றால் நீராவி வீணாகத் தப்பிக்கொண்டிருக்கலாம்; இரண்டும் குளிர்ச்சி என்றால் அடைப்பு, அல்லது வால்வே மூடியிருக்கும். குழாயின் மேல் சுற்றியிருக்கும் அலுமினியத் தகட்டில் டேப் ஒட்டித்தான் அளக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மரைச் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பகலில் பார்த்தால் வெயிலின் சூட்டையே அளப்பீர்கள். வேலிக்கு வெளியே நின்றால் போதும். ரேடியேட்டர் இதழ்களில் சில மட்டும் குளிர்ந்திருந்தால் எண்ணெய் அங்கே ஓடவில்லை: அளவு குறைவு அல்லது வால்வு மூடியிருக்கிறது. ஆடிக் காற்று வீசும் நாளில் போகவே வேண்டாம். நல்ல காற்றில் இணைப்பின் கூடுதல் சூடு பாதியாகக் குறைந்து தெரிவது சாதாரணம்.

11. எழுதி வைப்பதும் மறுபடி பார்ப்பதும்

ஒவ்வொரு குறைக்கும் ஒரு தெர்மல் படம், அதே கோணத்தில் ஒரு சாதாரணப் படம், மூன்று ஃபேஸ் ஆம்பியர், அறை வெப்பநிலை, எமிசிவிட்டி, தூரம், நேரம். சாதாரணப் படத்தில் அந்த லக்கை வட்டமிட்டுக் காட்டுங்கள். சரிசெய்ய வருபவர் தெர்மல் படத்தைப் பார்த்துக் குழம்பிப் பக்கத்து லக்கைக் கழற்றிய கதை எனக்கே நடந்திருக்கிறது.

'போல்ட்டை டைட் செய்யவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். பலமுறை சூடேறி ஆறிய இணைப்பில் வாஷர் இளகியிருக்கும், பரப்பு கருத்திருக்கும். இறுக்கினால் நான்கு நாள் நன்றாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, வாஷரை மாற்றி, செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் போட்டு, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

பிறகு அதே ஆம்பியரில், அதே தூரத்திலிருந்து, பூட்டிய அதே நிற வரம்பில் மறுபடி ஒரு படம். வித்தியாசம் போயிருந்தால் குறையை நோட்டில் அடித்துவிடலாம். புது லக்கிலும் அதே இடத்தில் டேப் ஒட்டியாயிற்றா என்று ஷட்டவுன் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்கு வேண்டும்.